உப்புக்காரியின் மன்னிப்பு

‘உப்புக்காரி’யை உலகம் மறந்துவிட்டது என்று இசைத்தட்டின் அட்டையில் போட்டிருக்கிறார்கள். பொய். மறப்பதற்கு முதலில் யாராவது அதைக் கேட்டிருக்க வேண்டும். 1909-இல் இந்த இசை நாடகம் எங்கள் ஊர் நாடகசாலையில் ஒரு வாரம் ஓடியது. அடுத்த வாரம் அதே மேடையில் சிரிப்பு நாடகம் போட்டார்கள், கூட்டம் வந்தது. ‘உப்புக்காரி’க்கு இசை எழுதிய கான்ராட் தால் அதன் பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டு வாத்தியாராக இருந்து செத்துப்போனார். ஊரில் அவர் பெயரில் ஒரு சந்து இருக்கிறது. அங்கே கார் நிறுத்துவார்கள்.

கதை இதுதான். ஸாலே ஆற்றங்கரையில் உப்புநீர் காய்ச்சும் கொட்டகையில் பார்பெ என்றொருத்தி வேலை செய்கிறாள். முதலாளி மகன் அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொல்கிறான். வயிற்றில் பிள்ளை வந்ததும் இவள் யாரென்றே தெரியாது என்கிறான். ஊர் கூடி அவளை விரட்டுகிறது. பனியில் பிள்ளை சாகிறது. கடைசி அங்கத்தில் அவன் காய்ச்சலில் இழுத்துக்கொண்டு கிடக்கிறான். அவள் மன்னித்தால்தான் அவன் உயிர் நிம்மதியாகப் பிரியுமாம். பாதிரியார் முதல் பால்காரி வரை, விரட்டிய அதே ஊர், அவள் வாசலில் வந்து நிற்கிறது. அவள் ஒரு உயர்ந்த சுரத்தில் ‘மன்னித்தேன்’ என்கிறாள். ஊரே சேர்ந்து கடவுளைப் பாடுகிறது. திரை.

இந்த மாதிரிக் கதைகளை அந்தக் காலத்து ஆண்கள் மூட்டை மூட்டையாக எழுதினார்கள். மேடையில் பெண் அழ வேண்டும், மன்னிக்க வேண்டும், முடிந்தால் சாக வேண்டும். எனக்கு அவற்றைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனால் ‘உப்புக்காரி’யில் மட்டும் ஒரு விஷயம் இருந்தது. அவள் ‘மன்னித்தேன்’ என்று சொல்லும்போது கீழே வயலின்கள் பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கிற ஒரு சுரக்கொத்தை இனிமையாகப் பிடித்திருக்கின்றன. அதன் தலைக்கு மேல் நான்கு கொம்புகள் சுருதியில் அரைப்படி விலகி இன்னொரு கொத்தை ஊதுகின்றன. இரண்டும் ஒன்றையொன்று கடித்துக் குதறுகின்றன. கேட்டால் பல் கூசும். அவள் வாய் மன்னித்தேன் என்கிறது, கொம்புகள் இல்லை என்கின்றன. ஒரு வார்த்தை பேசாமல் ஊரையே காறித் துப்புவது மாதிரி.

இதைக் கண்டுபிடித்தவர் பேராசிரியர் ருடோல்ஃப் ஆமெலுங். மாணவராக இருந்தபோது நூலகத்தில் தாலின் கையெழுத்துப் பிரதியைப் பார்த்து, ‘பொய் சொல்லும் நாதம்’ என்று அந்தக் கொத்துக்குப் பெயர் வைத்து, அதன்மேல் ஒரு புத்தகமே எழுதினார். அந்தப் புத்தகத்தின் மேல் ஏறி நின்று பேராசிரியர் ஆனார். ஆர்கெஸ்ட்ராக்களை நடத்தவும் செய்வார். ‘உப்புக்காரி’யின் முதல் ஒலிப்பதிவை நடத்தியதும் அவர்தான்.

நான் மேண்டி ட்ராட்கே. மேண்டி என்ற பெயரைக் கேட்டதும் இந்த நாட்டில் படித்தவர்கள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடும். அந்தப் பெயர் எந்த மாதிரி வீட்டில் வைக்கப்படும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் நினைப்பது சரிதான். அப்பா செம்பு உருக்காலையில் இருந்தார், ஆலை மூடிய பிறகு பார்சல் வண்டி ஓட்டினார். அம்மா சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் இருக்கிறாள். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். இதைச் சொன்னால் எல்லோரும் கனிவாகத் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டல் எனக்கு வேண்டாம். இசை படித்ததும் பெரிய கனவால் இல்லை. எங்கள் ஊர்த் தீயணைப்புப் படை பேண்டில் கொம்பு இலவசமாகக் கொடுத்துச் சொல்லித்தந்தார்கள். பியானோ வைத்திருந்தவர்கள் பியானோ கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆமெலுங்கின் புத்தகத்தை முதல் வருடத்தில் படித்தேன். பார்பெ எனக்கு அப்போதே பிடித்துப்போனாள். ஊரே வாசலில் நின்றாலும் மன்னிக்காத ஒருத்தி. ஆமெலுங்கிடமே ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தேன். அவருடைய பதிப்பிலிருந்து வாத்தியக்காரர்களுக்கான தனித்தனிப் பிரதிகளைச் செய்தது நான். பதிவின்போது இசைப்பிரதியைக் கையில் வைத்து ஒவ்வொரு டேக்கிலும் எது சரி, எது தப்பு என்று குறிக்கிற வேலையும் எனக்குத்தான்.

பதிவு ஒரு பழைய தேவாலயத்தில் நடந்தது. பூசை நின்று வெகுகாலமாகிவிட்ட கட்டடம், குளிர் எலும்பு வரை போகும். பாதிரியார்கள் உடை மாற்றும் அறையில் பதிவுக் கருவிகள். அங்கே நானும் லோதரும். லோதர்தான் பதிவுக்குப் பொறுப்பு. எந்த டேக் தட்டில் வரும் என்று கடைசியில் முடிவு செய்வது அவர். காதுதான் அவருக்குத் தொழில், ஆனால் பேசும்போது ஊரே கேட்கிற மாதிரிக் கத்துவார்.

பார்பெயாகப் பாடியவள் ஃப்ராவ்கே டீடெமான். வடகடல் பக்கத்துக்காரி. எங்கள் நாடகசாலையில் இத்தனை வருடம் தோழி, தாதி, இரண்டாவது தேவதை என்று பாடிக்கொண்டிருந்தவள். கதாநாயகியாக அவள் குரல் தட்டில் ஏறுவது இதுதான் முதல் தடவை. எல்லோரும் வாத்தியங்களைக் கேட்டுச் சுருதி பிடிப்பார்கள் என்றால் அவள் அந்தக் கொத்துக்கு நடுவே தன் சுரத்தை அசைக்காமல் பிடிக்கப் பல வாரம் பழகியிருந்தாள்.

“கொம்பு என் காதுல ஆணி அடிக்குது, நான் சிரிச்சுக்கிட்டே நிக்கணும்” என்பாள். “கல்யாண வாழ்க்கை மாதிரிதான்டி.”

கடைசி அங்கத்தின் அந்த இடத்தைப் பதிவு செய்த காலையில் விவகாரம் தொடங்கியது. முதல் கொம்பு வாசிக்கும் உவே, கொத்து முடிந்து சில தாள அடிகள் தள்ளி ஒரு நீண்ட சுரத்தில் பிசிறினார். இரண்டாவது தடவையும் அதே இடத்தில் பிசிறினார்.

“முதல் கொம்பு, என்ன ஆச்சு?” என்றார் ஆமெலுங். அவர் கோபப்பட்டால் குரல் தாழும்.

“புரொபசர், இங்க ‘எ’லேர்ந்து ‘எஸ்’ஸுக்கு மாறச் சொல்லுது. சுரத்துக்கு நடுவுல. மனுஷன் எப்ப மாறுவான்?”

“மனசுல தானே மாத்தறீங்க. குழாயைக் கழட்டவா சொன்னேன்?”

“என் மனசுலயும் குழாய் இருக்கு புரொபசர். பழைய சரக்கு, மெதுவாத்தான் கழலும்.”

மற்ற மூன்று கொம்புகளும் சிரித்தன. லோதர் மைக்கில், “உவே, மனசைக் கழுவிட்டு வா. இன்னொரு டேக்” என்றார். 

இதில் சொல்ல வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. எங்கள் இசையில் சுரங்களுக்கு எழுத்துதான் பெயர். ‘எ’ ஒரு சுரம். அதோடு ‘ஸ்’ சேர்த்து ‘எஸ்’ என்றால் அரைப்படி கீழே. பழைய காலத்துக் கொம்பில் சுருதி மாற்ற வேண்டுமென்றால் குழாயைக் கழற்றி வேறு நீளத்தில் ஒன்றை மாட்ட வேண்டும். அதற்காக இசை எழுதுகிறவர்கள் ‘எஸ்ஸுக்கு மாற்று’ என்று முன்கூட்டியே எழுதி, மாற்றுவதற்கு நேரமாகச் சில அடிகளை வெறுமனே விடுவார்கள். தால் காலத்தில் கொம்பில் விசைகள் வந்துவிட்டன, குழாய் மாற்ற வேண்டியதில்லை. ஆனாலும் அவர் பழைய முறையிலேயே எழுதினார். இன்றைக்கு வாசிக்கிறவர் சுரத்தைப் பார்த்து மனதுக்குள் மாற்றி வாசித்துக்கொள்வார். ‘எ’ என்று போட்டிருந்தால் ஒரு கொத்து வரும், ‘எஸ்’ என்று போட்டிருந்தால் தாளில் இருக்கிற அதே புள்ளிகளுக்கு அரைப்படி கீழே வேறு கொத்து வரும்.

உவே சொன்னதைக் கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. தால் பழக்கத்துக்கு அடிமை. நான்கு அங்கத்திலும் ஒரு இடத்தில்கூட மாற்றுவதற்கு நேரம் விடாமல் மாற்றச் சொன்னதில்லை. பிரதி செய்தது நான், எனக்குத் தெரியும். இங்கே மட்டும் சுரத்தின் நடுவில் மாற்றச் சொல்கிறார். பதிப்பைப் பார்த்தேன். ‘எஸ்ஸுக்கு மாற்று’ என்பது சதுர அடைப்புக்குறிக்குள் இருந்தது. அதாவது அது தால் எழுதியதில்லை. பின்னால் வரும் இசை ‘எஸ்’ஸில் இருந்தால்தான் பொருந்துகிறது என்பதால், தால் மறந்துவிட்டார் போலும் என்று ஆமெலுங் சேர்த்தது.

மறந்தாரா?

மடிக்கணினியில் கையெழுத்துப் பிரதியின் படத்தைத் திறந்தேன். கொத்துக்கு முந்தைய பக்கம். கொம்புகளுக்கு நிறைய வெற்று அடிகள், மாற்றுவதற்கு வேண்டிய நேரம். பக்கத்தின் வலது ஓரத்தில், கடைசி விளிம்பில் ‘எ’. அதற்கப்புறம் காகிதம் இல்லை. அதே பக்கத்தில் இரண்டு வரி கீழே பாத்திரத்தின் பெயர் ‘பார்’ என்று நின்றிருந்தது. ‘பெ’யைக் காணோம். பைண்டிங் செய்தவன் ஓரத்தை வெட்டியிருக்கிறான். இது ரகசியமே இல்லை. ஆமெலுங்கே முன்னுரையில் எழுதியிருக்கிறார்: பிற்காலத்தில் பைண்டிங் செய்தபோது ஓரங்கள் வெட்டப்பட்டன என்று. அந்தப் பக்கத்தை அவர் எத்தனை தடவை பார்த்திருப்பார்! நான் எத்தனை தடவை பார்த்தேன்! ‘பார்’ என்பதைப் பார்பெ என்று இரண்டு பேருமே சரியாகப் படித்தோம். அதே கத்தி ‘எ’க்குப் பின்னாலிருந்த ‘ஸ்’ஸையும் வெட்டியிருக்கும் என்று தோன்றவில்லை. தோன்றாமல் பார்த்துக்கொண்டோம் என்பதுதான் சரி. வீடுகளில் பியானோவில் வாசிப்பதற்காக அந்தக் காலத்தில் அச்சான சுருக்கப் பதிப்பில் அந்த இடத்தில் சாதாரணக் கொத்துதான் இருக்கிறது. அதற்கும் ஆமெலுங்கின் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் இருக்கிறது: குடும்பப் பெண்கள் பயப்படக்கூடாது என்று பதிப்பாளர் மழுப்பிவிட்டாராம். அந்த அத்தியாயத்தில் நான் கோடு போட்டுப் போட்டுப் படித்திருக்கிறேன்.

வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. பார்பெ மன்னிக்காதவளாகவே தட்டில் ஏறியிருப்பாள். எனக்கு வேண்டியதும் அதுதான்.

ஓய்வு மணி அடித்தது. ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் ஓய்வில் ஒரு நொடி விட்டுத்தர மாட்டார்கள், சங்கத்து விதி. கொம்புக்காரர்கள் பச்சைப் பன்றிக் கொத்துக்கறியும் வெங்காயமும் வைத்த பன்னை அங்கேயே பிரித்துவிட்டார்கள்.

“உவே, ஒரு சின்ன காரியம்.”

“சாப்பிடறேன்டி.”

“ஒரே ஒரு கொத்து. ‘எ’ன்னு போட்டிருக்கிறதை ‘எஸ்’ஸா நினைச்சு ஊதுங்க. நாலு பேரும்.”

“எதுக்கு?”

“ஊதுங்களேன், சொல்றேன்.”

“வாய் முழுக்க வெங்காயம். கொம்பு நாறும்.”

“உன் கொம்பு எப்ப மணந்துச்சு?” என்றாள் பக்கத்திலிருந்த ஃப்ராவ்கே.

அவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு ஊதினார்கள்.

கிறிஸ்துமஸ் சந்தையில் கேட்கிற மாதிரி இருந்தது. இனிமை. வட்டமாக, வெதுவெதுப்பாக, யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்காத கொத்து. கீழே வயலின்கள் பிடிக்கிற அதே கொத்து. தேவாலயம் அதை வாங்கித் திருப்பித் தந்தது. காப்பிக் கோப்பையோடு நின்ற ஆமெலுங் தலை திருப்பினார்.

“என்ன வாசிச்சீங்க?”

“உங்க கொத்துதான் புரொபசர்” என்றேன். “கூடுதலா ஒரே ஒரு எழுத்து.”

உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் திரையைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். ‘எ’. விளிம்பு. ‘பார்’. அடைப்புக்குறி. அவர் முட்டாள் இல்லை. விளக்கம் தேவைப்படவில்லை. காதுகள் மட்டும் மெல்லச் சிவந்தன.

“கத்தி” என்றார்.

“ஆமா.”

“நானே முன்னுரையில எழுதியிருக்கேன்.”

“ஆமா.”

லோதர் தலையில் கை வைத்தார். “யோவ், ஸ்டிக்கர் அடிச்சாச்சுய்யா! ‘பொய் சொல்லும் நாதம், முதல் முறையாக ஒலிப்பதிவில்’. தங்க எழுத்துல! அதை நம்பித்தான் கம்பெனி பணமே போட்டான். இப்ப என்ன ஸ்டிக்கர் ஒட்டறது? ‘எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது’ன்னா?”

ஆமெலுங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நிமிர்ந்தபோது வேறு முகம். நான் அழுகையையோ கத்தலையோ எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

“அருமை, மேண்டி. எனக்கு எப்பவுமே உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துச்சு. தட்டோட வர்ற கையேட்டுல எழுதிடலாம். ‘ஒலிப்பதிவின்போது தெரியவந்தது’ன்னு.”

“யாருக்குத் தெரியவந்துது?”

“புரியலை.”

“தெரியவந்துதுன்னா யாருக்கு? அதுவா வந்து மடியில உக்காந்துதா?”

“மேண்டி, இது கூட்டு வேலை.”

அதாவது தப்பைப் புத்தகமாக எழுதியது அவர், தப்பைத் திருத்திக் கட்டுரையாக எழுதப்போவதும் அவர். (எழுதினார். ‘ஓர் எழுத்தின் இழப்பு’ என்று தலைப்பு. அடிக்குறிப்பில் சிறிய எழுத்தில் எனக்கு நன்றி, என் பெயரில் ஒரு எழுத்தும் இழப்பு.) தலையில் கொம்பு முளைத்த ஆட்கள் விழுந்தாலும் காலூன்றித்தான் நிற்பார்கள். இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஃப்ராவ்கே கதவில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆண்கள் வெளியே போனதும் என்னிடம் வந்தாள்.

“அப்ப இவ நிஜமாவே மன்னிக்கறாளா?”

“ஆமா.”

“மனசார?”

இசைப்பிரதியைக் காட்டினேன். ‘மன்னித்தேன்’ என்ற வார்த்தைக்கு மேல் தால் எழுதியிருந்தார்: ‘முழு அன்போடு’. அதை ஆமெலுங் கிண்டல் என்று விளக்கியிருந்தார். கிண்டல் இல்லை. அந்த ஆள் நிஜமாகவே முழு அன்பைத்தான் கேட்டிருக்கிறார்.

“மூதேவி” என்றாள் ஃப்ராவ்கே. பார்பெயைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா என்று தெரியவில்லை. “நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல? என்னால பாட முடிஞ்ச ஒரே கெட்டவடி அவ. வாழ்நாள் பூரா நல்லவளாவே பாடியாச்சு. தோழி நல்லவ, தாதி நல்லவ. கடைசியா ஒருத்தி கிடைச்சா, காறித் துப்பற மாதிரி ஒருத்தி. அவளையும் நல்லவளாக்கிட்டே.”

“நான் ஆக்கலை. அவ அப்படித்தான் இருந்திருக்கா.”

“உனக்குச் சந்தோஷமா?”

“வயிறு எரியுது.”

“எரியட்டும்” என்றாள். தண்ணீர் குடித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. உவே தன் பிரதியில் பென்சிலால் பெரிதாக ஒரு ‘ஸ்’ போட்டுக்கொண்டார். முதல் டேக்கில் கொம்புகள் அவளை மூழ்கடித்தன. கல்யாண ஊர்வலம் மாதிரி ஊதித் தள்ளினார்கள். “மெதுவாய்யா, அவ மன்னிக்கறா, நீங்க கொண்டாடாதீங்க” என்று லோதர் கத்தினார்.

இரண்டாவது டேக்கில் ஃப்ராவ்கே தன் வேலையைக் காட்டினாள். கொம்புகள் சரியாக வாசித்தன, வயலின்கள் சரியாக வாசித்தன, அவள் சுரமும் ஒரு மயிரிழை தவறவில்லை. ஆனால் குரலில் ஈரம் இல்லை. அசைவே இல்லாத, தட்டையான, எலும்பு மாதிரி ஒரு சுரம். கொத்து அவளைச் சுற்றி இனித்தது, அவள் அதற்குள் கல் மாதிரி நின்றாள். மன்னித்தேன் என்றாள், மன்னிக்கவில்லை. எந்தக் கத்தியும் அவளை ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்தேன்.

“பிரமாதம்!” என்று ஆமெலுங்கின் குரல் மைக்கில் வந்தது. “இதுதான் நான் எழுதினது. கொத்து பொய் சொல்லலைன்னா என்ன, குரல் சொல்லுது. இது போதும்.”

“பாதுகாப்புக்கு இன்னொண்ணு” என்றார் லோதர். அவர் எப்போதும் அப்படிச் சொல்வார்.

மூன்றாவது டேக்கில் என்ன நடந்தது என்று எனக்கு இன்னும் சரியாகச் சொல்ல வரவில்லை. ஃப்ராவ்கே களைத்திருந்தாள் என்று நினைக்கிறேன். எதிர்த்து நிற்க அவளிடம் எதுவும் மிச்சமில்லை. சுரத்தைப் பிடிக்கவில்லை, அதில் போய் இறங்கினாள். கொம்புகள் கீழே இடம் கொடுத்தன. அந்த வார்த்தை அவ்வளவு பெரிதாக, அவ்வளவு எளிமையாகத் திறந்தது. விரட்டிய ஊர், செத்த பிள்ளை, பொய் சொன்ன பயல், எல்லாம் அதற்குள் போய்விட்டன, வெளியே வரவில்லை. லோதர் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தார். அழகாக இருந்தது என்பதை மறைக்க முடியாது. எனக்கு எழுந்து போய் அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது.

கடைசிச் சுரம் அடங்கியதும் ஆமெலுங் உள்ளே வந்துவிட்டார். “ரெண்டாவதுதான்” என்றார். “மூணாவது ரொம்ப... சர்க்கரை. ரெண்டாவதுல ஒரு விமர்சனம் இருக்கு. இந்தக் காலத்துப் பொண்ணுங்க கேட்பாங்க. என்ன மேண்டி? உங்க ஆளும் அவதானே?”

அது உண்மைதான். என் ஆள் அவள்தான்.

லோதர் இரண்டையும் திரும்பப் போட்டுக் கேட்டார். நாற்காலியைச் சுற்றினார். “எனக்கு ரெண்டும் ஓகே. சுருதி ரெண்டுலயும் சுத்தம். பொண்ணே, எழுத்தைக் கண்டுபிடிச்சது நீ. நீயே சொல்லு.”

ஆமெலுங் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதும் அவரும் நானும் ஒரே விஷயத்தைத்தான் விரும்பினோம். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருடமாக அந்தப் பெண்ணின் வாயில் தன் சொல்லைத் திணித்து வைத்திருந்தவர். அதைப் பிடுங்கிய அரை மணி நேரத்தில் வேறு வழியாகத் திரும்பத் திணிக்க வந்து நிற்கிறார். கூடவே நானும் ஒரு கை கொடுக்க வேண்டும்.

“மூணாவது” என்றேன்.

“ஏன்?”

“மேல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. முழு அன்போடன்னு எழுதியிருக்கு. ரெண்டாவதுல அன்பு இல்லை.”

“எழுதினதை அப்படியே எடுத்துக்கணும்னு இல்லை மேண்டி. விளக்கம்னு ஒண்ணு இருக்கு.”

“இருக்கு. விளக்கித்தானே இங்க வந்து நிக்கறோம்.”

“உங்களுக்கு இது பிடிச்சிருக்கா?”

“இல்லை. சுத்தமாப் பிடிக்கலை. இந்தப் பொண்ணு என் தங்கச்சியா இருந்தா ரெண்டு போட்டிருப்பேன். ஆனா அவ இப்படித்தான்.”

ஆமெலுங் லோதரைப் பார்த்தார். லோதர் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் தாளில் மூன்று என்ற எண்ணை வட்டமிட்டார். ஆமெலுங் கோட்டுப் பையில் கையை விட்டபடி, “அடுத்த வருஷத்துக்கான வேலையைப் பத்தி அப்புறம் பேசுவோம்” என்று சொல்லிவிட்டு ஆர்கெஸ்ட்ராவுக்குத் திரும்பினார். அப்புறம் பேசவில்லை. நான் இப்போது ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு ஊதக் கற்றுத் தருகிறேன். தட்டு ஸ்டிக்கர் இல்லாமல் வந்தது. பத்திரிகை ஒன்றில் நாலு வரி போட்டார்கள்: இனிமையான படைப்பு, காலத்தின் ரசனைக்கு உட்பட்டது, பாடகி குறிப்பிடத்தக்கவர். மேடையேற்ற எந்த நாடகசாலையும் கேட்கவில்லை. நியாயம்தான். கடிக்கிற கொத்தை எடுத்துவிட்டால் ‘உப்புக்காரி’ மூட்டையில் இருக்கிற இன்னொன்றுதான், ஒரே ஒரு வார்த்தையைத் தவிர.

அன்றைக்குக் கோரஸ் பகுதி தொடங்குவதற்கு முன் ஃப்ராவ்கே எங்கள் அறைக்கு வந்தாள். கழுத்தில் கம்பளித் துணி சுற்றியிருந்தாள்.

“எது?”

“மூணு” என்றார் லோதர்.

“போடு.”

போட்டார். அவள் நின்றபடியே கேட்டாள்.

“இதுல நான் தோத்துட்டேன்டி” என்றாள் என்னிடம். “ரெண்டாவதுல ஜெயிச்சிருந்தேன். நீதான் எடுத்திருப்பேன்னு நினைச்சேன்.”

“ஆசைதான்.”

“பின்ன ஏன் எடுக்கலை?”

“அது நீ. இது அவ.”

அவள் என்னை முறைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அவ எப்படித்தான் மன்னிச்சாளோ” என்றாள். “பாடும்போது எனக்கு ஒரு நிமிஷம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. இப்ப கேட்டா தெரியலை.”

“எனக்குப் பாடாமலேயே தெரியலை.”

“நீயா இருந்தா மன்னிச்சிருப்பியா?”

“மாட்டேன்.”

“நானும்தான்.”

வெளியே கோரஸ்காரர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள். பாதிரியார், பால்காரி, விரட்டியவர்கள் எல்லோரும். “ரெண்டு பேரும் வாயை மூடுங்க” என்றார் லோதர். சிவப்பு விளக்கைப் போட்டார்.